கடைவாய்ப் பொட்டு

விழுந்த பல்லைத் திரும்ப முளைக்க வைக்கும் வித்தை வந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் அது முள்ளூரணி உப்பளக் குடியிருப்பை எட்டிப் பார்த்தது. அதுவும் முழுசாக வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒரு வண்டி வந்தது. வண்டிக்குள் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு திரை, பிலோமினா என்ற நர்ஸ். பல் மட்டும் அதில் இல்லை. பல்லுக்கு வரிசை இருந்தது.

தூத்துக்குடியின் பெரிய கிளினிக்குகளில் அந்த வரிசை கிடையாது. பிள்ளையைக் காலையில் கூட்டிக்கொண்டு போனால் ஈறுக்குள் முளை வைத்து மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். நாலு மாதத்தில் புதுப்பல் தலைகாட்டிவிடும். இலவசத் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஏழே ஏழு பேருக்குத்தான் முளை. கேட்டு நிற்கும் பிள்ளைகளோ நானூறுக்கு மேல். அந்த ஏழு பேரைப் பொறுக்கி எடுப்பதற்காகத்தான் பொட்டைக் கண்டுபிடித்தார்கள்.

பொட்டு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நெற்றியில் வைக்கிற பொட்டின் அளவில், கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் ஒட்டுகிற ஒரு சில்லு அது. எதையாவது தின்றால் வாயில் புளிப்பு ஏறும். அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்கும். எப்போது புளித்தது, எவ்வளவு நேரம் புளித்தது என்பதையெல்லாம் பொட்டு குறித்துக்கொள்ளும். திரையை அருகில் கொண்டுபோனால் கடந்த நாட்கள் ஒரு நாடாவாக ஓடும். புளித்த நேரம் சிவப்பு, மற்ற நேரம் பச்சை. நாற்பது நாளில் யாருடைய நாடா அதிகம் பச்சையோ அவர்களுக்குப் பல். கொடுக்கிற பல்லைக் காப்பாற்றத் தெரிந்த பிள்ளைக்கே கொடுப்போம் என்று நல்லெண்ணத்தோடு போட்ட விதி. கெட்ட எண்ணத்தோடு போட்டிருந்தாலாவது வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

இசக்கிப்பிரியாவுக்குப் பதினொரு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அதற்கு மேல் போனால் தாடை முற்றிவிடும், இலவச முளை கிடையாது என்று திட்டத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். மேல்வரிசையில் அவளுக்கு முன்பற்கள் இரண்டும் இல்லை. எட்டு வயதில் உப்புப் பாத்தி வரப்பில் குப்புற விழுந்து உடைந்தவை. அந்த வாரமே யாராவது பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போனால் அன்றைய வேலை போய்விடும். அவள் அம்மா சுடலைவடிவு கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்தாள், புகையிலை அடக்கிப் பார்த்தாள். பிலோமினாவின் வண்டி முதல்முறை வந்தபோது அந்த வேர்கள் சீழ் பிடித்திருந்தன. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பிடுங்கியவளும் பிலோமினாதான்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசும். சிரிப்பு வந்தால் திரும்பிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் கையை எடுத்துவிட்டுப் பேசு என்று அதட்டியதற்கு மூன்று நாள் பள்ளிக்கே போகவில்லை. பொட்டு ஒட்டிய அன்று மட்டும் கையை எடுத்துவிட்டு, “எனக்குக் கிடைக்குமா நர்சம்மா?” என்று கேட்டது. பிலோமினா மனசுக்குள், இந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அப்படிப் பிள்ளைக்குப் பிள்ளை முடிச்சுப் போட்டுக்கொள்வது நர்ஸ் வேலைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. வட்டாரப் பட்டியலில் இசக்கிப்பிரியா முதலிடத்தில் இருந்தாள். நாடா முழுக்கப் பச்சை. மத்தியானத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு. மற்ற பிள்ளைகளின் நாடாவில் காலைக் காப்பி, ரஸ்க், பள்ளிச் சிற்றுண்டி, சாயங்காலக் கடலைமிட்டாய் என்று சிவப்புத் திட்டுத்திட்டாக இருக்கும். திட்ட அலுவலகத்திலிருந்து பாராட்டே வந்திருந்தது.

“ஏட்டி பிரியா, வாயப் பெருசாத் தொற. ராணி மாதிரி மொத எடத்துல ஒக்காந்துட்ட பாரு.”

பிள்ளை வாயைத் திறந்தது. பிலோமினா குனிந்தவள் அப்படியே நின்றாள். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில், உபவாசத்தோடு நெருக்கியடித்து நிற்கும்போது பக்கத்து வாய்களிலிருந்து வருகிற வாடை அது. வெறும் வயிற்றின் வாடை. நாற்பத்தாறு வயசில் அவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“காலைல என்ன சாப்ட்ட?”

கை வாய்க்குப் போனது. “சாப்ட்டேன்.”

“அதான், என்னத்த?”

பிலோமினா அவளைத் தூக்கி எடைக்கருவியில் நிறுத்தினாள். திட்டத்தில் சேர்ந்த அன்று இருபத்திநாலு கிலோ. இப்போது இருபத்திரண்டரை.

“ஒங்கம்ம சோறு வைக்கலியா?”

“வச்சிட்டுத்தான் போவா. நாந்தான் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஊட்டிருவேன்.” பிள்ளை மெதுவாகச் சொன்னது. “பள்ளிக்கூடத்துல காலைல வயித்து வலின்னு சொல்லிருவேன். மத்தியானம் மட்டும் கொஞ்சம் திம்பேன்.”

“ஏட்டி, ஏன்?”

“நீங்கதான சொன்னிய? வாய்ல ஒண்ணு போட்டா அரை மணி நேரம் பல்லு அரிபடும், வாய் சும்மா இருந்தாத்தான் பல்லுக்கு நல்லதுன்னு.”

சொன்னதுதான். இருபது வருஷமாக ஊர் ஊராகச் சொல்லி வாய்ப்பாடாகிப்போன பேச்சு. மிட்டாயை நாள்பூரா சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக எழுதிக்கொடுத்த பாடம். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன தின்கிறது என்று பார்க்காமலே ஒப்பித்திருக்கிறாள். பிலோமினாவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. வெளியே இன்னும் பதினோரு பிள்ளைகள் காத்திருந்ததால் அழவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த சுடலைவடிவை வாசலிலேயே பிடித்துச் சொன்னாள். கால்வெடிப்பில் உப்பு பூத்துப்போய் நின்ற அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் லாரியோடு போனவன் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“நான் விடியுமுன்ன எந்திரிச்சுப் பொங்கி வச்சிட்டுப் போறேன் நர்சம்மா. எம்பிள்ளயப் பட்டினி போடுதேன்னு சொல்லுதியளா?”

“ஒன்னச் சொல்லல வடிவு. தப்பு எம்மேல.”

பிள்ளையைக் கூப்பிட்டு, தின்னு என்று தட்டை முன்னால் வைத்தார்கள். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டது. அம்மா அதட்டினாள், முதுகில் ஒன்று வைத்தாள், கடைசியில் அவளே அழுதாள். பிள்ளை அசையவில்லை. “இன்னும் இருவத்திரண்டு நாளுதாம்மா. அதுக்கப்புறம் எல்லாந் திங்கேன்,” என்றது.

மறுநாள் பிலோமினா வட்டார மருத்துவமனையில் டாக்டர் உலகநாதனைப் போய்ப் பார்த்தாள். கெட்டவர் இல்லை. நாலு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்து களைத்தவர். நாடாவைத் திரையில் நீட்டி நீட்டிப் பார்த்தார்.

“சிஸ்டர், இந்தப் பொண்ணுக்கு இப்ப முளை வச்சா பிடிக்காது. முளைங்கறது உடம்புகிட்ட இருந்து வாங்கித்தான் வளரும். உடம்புல ஒண்ணும் இல்லன்னா தாடை எலும்பைத் தின்னு வளரப் பார்க்கும். இருக்கிற பல்லும் ஆடிரும். அதனாலதான் முளை வைக்கிற அன்னிக்கு எடை பார்ப்போம். இருபத்திநாலுக்குக் கீழன்னா திருப்பி அனுப்பிருவோம்.”

“அப்ப சாப்பிடச் சொல்லிருதேன் டாக்டர்.”

“சாப்பிட்டா நாடா சிவக்கும். ஏழு பேருக்குள்ள வரமாட்டா.”

“சாப்பிடலன்னா?”

“பட்டியல்ல வருவா, எடையில விழுவா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எனக்குப் புரியாம இல்ல. மூணு தடவை மேல எழுதிட்டேன். பொட்டுக்குப் பசியும் ஒழுங்கும் ஒரே மாதிரித் தெரியுதுன்னு எழுதினேன். அளவீடுகள் திருப்தியாக உள்ளன, தொடரவும்னு பதில் வருது. மனுஷன் படிச்சானா மெஷின் படிச்சதான்னுகூடத் தெரியல.”

“காசு குடுத்து வைக்கிற பிள்ளைகளுக்கு ஏன் டாக்டர் பொட்டு கிடையாது?”

அதற்கான பதில் இரண்டு பேருக்குமே தெரியும். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “பொட்டுக்கு யார் வாய்னு தெரியாது சிஸ்டர். புளிப்பு மட்டும்தான் தெரியும்,” என்றார். எதற்காகச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிலோமினா இசக்கிப்பிரியாவின் கடைவாயிலிருந்து பொட்டைக் கழற்றினாள். பசை விட்டு அது அடிக்கடி விழும், திரும்ப ஒட்டுவது வழக்கமான வேலைதான். இந்த முறை கண்ணாடியைப் பார்த்துத் தன் பல்லில் ஒட்டிக்கொண்டாள்.

பிள்ளை வாய் பிளந்து பார்த்தது. “நர்சம்மா, இது பொய்யில்லியா?”

“பொய்தான்.”

“பாவமில்லியா?”

“பாவந்தான். நீ நல்லாத் தின்னு. பாவத்த நான் பாத்துக்கிடுதேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. இந்தப் பிள்ளை ஏழுக்குள் வந்தால், எட்டாவதாக எங்கோ ஒரு பிள்ளை வெளியே நிற்கும். அதற்கும் ஒரு அம்மா இருப்பாள். அந்த முகம் தெரியாத பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் அன்றைக்கு ஜெபம் முடித்தாள்.

நோன்பு அவளுக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் தவக்காலம் இருக்கிறவள். ஆனால் அது ஒரு வேளையை விட்டுவிட்டு மறுவேளை வயிறாரச் சாப்பிடுகிற நோன்பு. இது வேறு மாதிரி இருந்தது. புதன் காலையில் காப்பி இல்லாமல் தலை பாறாங்கல்லாகக் கனத்தது. மத்தியானம் ஒரு கை சோறு. சாயங்காலம் வேறொரு ஊரில் ஒரு பிள்ளையின் ஈறில் ஊசியைத் தப்பான இடத்தில் வைக்கப் போய்விட்டாள். பிள்ளைகள் வாய்க்குள் ஊசியோடு கை வைக்கிறவள் கண் இருட்டி நிற்கலாமா? வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, வண்டி ஓட்டுகிறவர் நீட்டிய இனிப்பு டீயையும் இரண்டு பன்னையும் வெட்கமில்லாமல் தின்று தீர்த்தாள். அதற்கப்புறம் அணை உடைந்த மாதிரிதான். வெள்ளிக்கிழமை நாடாவைப் பார்த்தால் ரத்தக்களறியாக இருந்தது. இசக்கிப்பிரியா முதலிடத்திலிருந்து ஆறாமிடத்துக்கு வந்திருந்தாள். இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் பட்டியலிலேயே இருக்கமாட்டாள்.

அன்று வண்டிக்குச் சுடலைவடிவும் வந்திருந்தாள். பிள்ளை எல்லாவற்றையும் வீட்டில் சொல்லியிருந்தது. பிலோமினா குற்றவாளிபோல நாடாவைக் காட்டினாள்.

“என்னால முடியல வடிவு. மூணு நாளுகூட முடியல.”

சுடலைவடிவு நாடாவைப் பார்த்தாள், பிலோமினாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒட்டுங்க.”

“ஒனக்கா? வெயில்ல நின்னு உப்பு வாருறவ நீ. மயங்கிப் பாத்திக்குள்ள விழுந்துருவ.”

“எம்பிள்ளைக்குத்தான நர்சம்மா. நீங்க எதுக்குக் கெடந்து சீரழியணும்? ஒட்டுங்க.”

வேறு வழி தெரியாமல் ஒட்டினாள். ஒட்டும்போது விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் எதுவும் கூடாது. காப்பி, டீ கூடாது. மத்தியானம் ஒரு வேளை, அதுவும் கொஞ்சம். ராத்திரி முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். தலை சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும், பல் போனாலும் பரவாயில்லை. சுடலைவடிவு வாயைத் திறந்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அடுத்த பதினைந்து நாளும் பிலோமினாவுக்குத் தூக்கம் சரியாக இல்லை. உப்பளத்தில் யாரோ மயங்கி விழுந்தார்கள் என்று கேள்விப்பட்டால் சுடலைவடிவோ என்று பதறுவாள். விசாரித்துப் பார்த்தால் வேறு யாராகவோ இருக்கும். வண்டி வரும் நாளில் முதல் வேலையாகச் சுடலைவடிவின் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாள், நாடியைப் பிடிப்பாள்.

“எப்டி இருக்க?”

“நல்லா இருக்கேன் நர்சம்மா.”

“தல சுத்துதா?”

“எப்பவும் போலதான்.”

நாடாவோ பளிங்குபோல் இருந்தது. பிள்ளை பட்டினி கிடந்தபோதுகூட இப்படிப் பச்சையாக இருந்ததில்லை. ஆறிலிருந்து நாலு, நாலிலிருந்து இரண்டு, கடைசி வாரம் முதலிடம். பிலோமினா அந்தப் பெண்ணின் மனஉறுதியை நினைத்து நினைத்து வியந்தாள். தான் மூன்று நாள் தாக்குப்பிடிக்க முடியாததை இவள் வேகாத வெயிலில், தலைச்சுமையோடு தாங்குகிறாளே என்று மலைத்தாள். இப்படி ஒரு தாயை எந்தப் பொட்டு அளக்கும் என்று வண்டி ஓட்டுகிறவரிடம்கூடச் சொல்லிக் கண் கலங்கினாள், விவரம் சொல்லாமல்.

இசக்கிப்பிரியா தின்றாள். பள்ளிச் சிற்றுண்டி, மத்தியானச் சோறு, ராத்திரி அம்மா போடுவது, எல்லாவற்றையும் தின்றாள். கன்னத்தில் சதை வைத்தது.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை. வட்டார மருத்துவமனை வளாகத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவின் பல்லிலிருந்து எடுத்த பொட்டைப் பிள்ளையின் பல்லில் ஒட்டினாள் பிலோமினா. எடைக்கருவியில் இருபத்திநாலு கிலோவும் நூறு கிராமும் காட்டியது. டாக்டர் உலகநாதன் எண்ணை இரண்டுமுறை பார்த்தார். பிலோமினாவை ஒருமுறை பார்த்தார். பிள்ளையின் தோளில் கைவைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து, “வச்சாச்சு. ரெண்டு முளையும் நல்லாப் பிடிச்சிருக்கு. இனி யாரும் எடுக்க முடியாது,” என்றார். கையிலிருந்த தாளைப் பிலோமினாவிடம் நீட்டினார். “மேல இருந்து வந்திருக்கு. மாநிலத்துலயே இந்தப் பொண்ணோட நாடாதான் முதலாம். என்ன சாப்பாட்டு முறைன்னு எழுதித் தரணுமாம். மத்த தாய்மார்களுக்கெல்லாம் முன்மாதிரியா அனுப்பப் போறாங்களாம்.” சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுடலைவடிவு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிலோமினா கேண்டீனிலிருந்து டீயும் இரண்டு வடையும் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தாள்.

“குடி வடிவு. எல்லாம் முடிஞ்சுது. பதினஞ்சு நாளு என்னமாத்தான் தாங்குனியோ.”

“எத நர்சம்மா?”

“பட்டினியத்தான்.”

சுடலைவடிவு டீக் கிளாசைப் பிடித்தபடி விழித்தாள். “நான் எங்க பட்டினி கெடந்தேன்?”

“நான் சொன்னபடிதான இருந்த?”

“நீங்க சொன்னதக் கேட்டு மொத நாளு பயந்துதான் போனேன். என்னென்னத்த விடணுமோன்னு. வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தா விடுததுக்கு ஒண்ணும் இல்ல.” அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். “காலைல நான் எப்பவும் ஒண்ணும் திங்கிறதில்ல. காப்பிக்குக் கருப்பட்டி இருந்தா அது பிள்ளைக்கு. மத்தியானம் தூக்குச்சட்டில கொஞ்சம் கஞ்சி. ராத்திரி அவ தின்னது போக மிச்சமிருந்தா உண்டு. கல்யாணத்துக்கு முன்னருந்தே அப்பிடித்தான். நீங்க சொன்ன கணக்கும் அதுதான வந்துச்சு? நமக்கு லேசான வேலையாப் போச்சேன்னுல்லா நெனச்சேன்.”

பிலோமினா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையோடு வைத்திருந்த திரையை எடுத்தாள். அவள் மடியில் கிடந்த திரையில் பதினைந்து நாள் நாடா ஓரத்திலிருந்து ஓரம்வரை பச்சையாகக் கிடந்தது. அதை விரதம் என்று நினைத்து வியந்தவள் அவள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள், என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் ஒருமுறையும் கேட்கவில்லை. பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்பதே வேலையாக இருந்தவள், தாய்மார்களின் வாய்க்குள் என்ன போகிறது என்று இருபது வருஷத்தில் யோசித்ததில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உள்ளே பிள்ளை நல்லபடியாக இருக்கிறாளா என்று எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். இசக்கிப்பிரியா வாயில் பஞ்சோடு, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முளை இரண்டும் ஈறுக்குள் இருந்தன. இனி அவற்றை யாராலும் எடுக்க முடியாது. தன் வேலையை வேண்டுமானால் எடுக்கலாம். எடுக்கட்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து தாளைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தாள். பொட்டு அணிந்தவர் பெயர் என்ற இடத்தில் சுடலைவடிவு என்று எழுதினாள். வயது முப்பத்திரண்டு. தொழில், உப்பளக் கூலி. எத்தனை நாள் அணிந்தார், யார் ஒட்டியது என்று கேட்காததையும் எழுதித் தன் பெயரைப் போட்டாள். சாப்பாட்டு முறை என்ற இடத்துக்கு வந்ததும், அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடியே எழுதத் தொடங்கினாள்.

சுடலைவடிவு ஒரு வடையைப் பிள்ளைக்கென்று செய்தித்தாள் துண்டில் மடித்து வைத்துவிட்டு, மற்றதைப் பிட்டபடி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

“என்ன நர்சம்மா எழுதுதிய?”

“நீ என்ன சாப்பிடுதன்னு.”

சுடலைவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுல எழுதுததுக்கு என்னம்மா இருக்கு?”